மாணாக்கர் சீலமும் பாடசாலைப் பரிசிலும்

பாடசாலையை விட்டு நீங்கும் மாணாக்கன் ஒவ்வொருவனுக்கும் நாம் கொடுக்கும் விடுகைப் பத்திரத்திலே, பிறந்த தேதி, சேர்ந்த தேதி, கற்ற வகுப்பு முதலியவற்றோடு, நடத்தை என்று ஒரு வரியும் உண்டு. அவ்வரியில் எழுதப்படுவது பெரும்பாலும் ஒரே சொல். மிக நன்று என்றேனும், நன்று என்றேனும், திருப்தி என்றேனும் எழுதிவிடுகின்றோம். பத்துப் பதினோராண்டு நம் கண்முன் வளர்ந்த ஒரு பிள்ளையின் சீலத்தை அளவிடுதற்கு நாம் செலவிடுங் காலம் ஒரு நிமிஷமும் ஆகாது. இம்மூன்று சொற்களுள் கடையில் நிற்பது எது என்பது உபாத்தியாயர் யாவருக்கும் தெரியும். திருப்தி என்னுஞ் சொல் அதிருப்தியைக் குறிக்கும் இடம் உலகத்தில் அது ஒன்றேபோலும்.

அச்சொல்லை யான் ஒரு பிள்ளைக்கு எழுதினேன். அதனால் நேர்ந்ததே இவ்வியாசத்திற்குக் காரணம்.

கரைத்தீவு என்றவுடன், விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டிற் பிறந்த கீழ்க்கரைக் காரைதீவையே அன்பர் பலர் நினைப்பர். யான் கூறுவது அதுவன்று. முதலெழுத்துக் குறுகி நிற்கும் இக்கரைத்தீவு மேற்கே, புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையிலுள்ளது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சைவர்களும் அடுத்தடுத்து வாழும் கரை இது. களப்பும், உப்பளமும், 1980களின் பின் பெருகிய இறாற் பண்ணைகளும், தென்னந்தோட்டங்களும் இக்கரையாருக்குச் சீவனோபாயம். தாய்மார் பலர் மேற்காசிய நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் சென்றிருப்பர். சோளகக் காற்று எழுந்து மேற்குக் கடல் கொந்தளிக்குங் காலத்தில் கீழ்க்கரைக்குப் பெயர்ந்து தொழில் செய்யுங் குடும்பங்களும் உண்டு. அப்பொழுது வரவு இடாப்பிலே வரிசை வரிசையாக வெற்றிடங்கள் விழும்.

இக்கரையிலுள்ள பாடசாலையொன்றில் யான் வகுப்பாசிரியனாயிருந்தபோது, ஒருநாள் மாலை மீன்பிடிகாரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையிலே பொலித்தீன் உறையில் வைத்த விடுகைப் பத்திரம் இருந்தது. மேசையிலே அதனை விரித்து, ஓரிடத்தில் விரலை ஊன்றி, "சேர், இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?" என்றார். ஆசிரியரைச் சேர் என்பதே இப்பக்கத்து வழக்கு. விரல் நின்ற இடம் நடத்தை என்னும் வரி. மகனிடங் கேட்டாலாகாதோ என்றேன். "எனக்கு எழுத்துத் தெரியாது, சேர். வீட்டுக்கு வார எல்லாத்தையும் அவன்தான் வாசிச்சுச் சொல்றவன். இந்த ஒரு சொல்லை மட்டும் வாசிக்கமாட்டன் எண்டிட்டான்" என்றார்.

யான் அவருக்கு யாது விடை கூறினேன் என்பதை எழுத மனம் வரவில்லை. விடை கூறினேன் என்று மாத்திரஞ் சொல்லி அமைகின்றேன்.

அப்பிள்ளைக்கு அச்சொல்லை எழுதியதற்கு என்பால் ஒரு நியாயம் இருந்தது. ஒரு தவணையில் மாத்திரம் 23 நாள் அவன் காலந்தாழ்த்தி வந்தான். காரணங் கேட்டபோதெல்லாம் வாய் திறவாது நின்றான். அதனை யான் இறுமாப்பு எனக் கொண்டேன். பின்னர் அறிந்தது இது. அவன் தாய் குவைத்திலிருந்தாள். விடியுமுன் தந்தையோடு வள்ளத்திற் சென்று களப்பில் இட்ட வலையைத் தூக்கி, கரைக்கு வந்து, தங்கையர் இருவருக்குஞ் சமைத்துக் கொடுத்து, அவர்களை ஏழேகாலுக்கு ஆரம்பப் பிரிவின் வாயிலிலே விட்டு, மறுபடியும் கரைக்கு ஓடுவான். மீன் வாங்குவோரின் லொறி வரும் நேரம் அதுவே. தராசின் இலக்கத்தையும், வியாபாரி குறிப்பேட்டில் எழுதும் இலக்கத்தையும் ஒத்துப் பார்க்க அக்குடும்பத்தில் அவனொருவனே இருந்தான். நாம் கற்பித்த எழுத்தையும் எண்ணையும் அவன் நாடோறும் பயன்படுத்திய இடம் அந்தத் தராசடி. அதனைப் பயன்படுத்தியமையாலேயே நம்முடைய இடாப்பில் அவன் குற்றவாளியானான்.

அவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவிலே அவனுடைய இளைய தங்கைக்கு, ஒருநாளுந் தவறாது வந்தமைக்காக வரவுப் பரிசு வழங்கினோம். அதே மேடையில் நற்பண்புப் பரிசு வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. அப்பிள்ளையிடத்துங் குறையில்லை, அமைதியானவள், வகுப்பில் முதல்வி, வீடு பாடசாலைக்கு அருகே. தெரிவுக் குழுவில் யானும் ஒருவன். எங்கள் ஆலோசனை பத்து நிமிஷத்தில் முடிந்தது, எவருக்கும் ஐயமில்லை. ஐயமில்லாமையே அங்கே பிழையாயிற்று என்பது பிந்தித்தான் தெரிந்தது.

இனி, இதனின்றும் எழும் வினாவுக்கு வருவோம். நற்குணத்தையும் வாழ்க்கைத் திறனையும் பாடசாலை சிறப்பித்தல் வேண்டுமா? வேண்டுமெனின், எவ்வாறு?

சிறப்பித்தல் வேண்டும் என்போர் கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிலே வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் உருவப்படம் சந்தியிலே தொங்குகின்றது. இரண்டு புள்ளி குறைந்தவன் பத்து வயதிலேயே தான் ஒன்றுக்கும் உதவான் என்று துணிந்து விடுகின்றான். பரீட்சைப் புள்ளி ஒன்றையே சிறப்பிக்கும் பாடசாலை, அஃதொன்றே மதிக்கத்தக்கது என்று வாயாற் சொல்லாமலே கற்பிக்கின்றது. வாய்மை, இரக்கம், பொறுமை, கூடித் தொழில் செய்தல் என்பவற்றைக் காலைப் பிரார்த்தனையிலே புகழ்ந்து, பரிசு மேடையிலே மறந்துவிடின் மாணாக்கர் எதனை நம்புவர்? பிள்ளைகள் நம் சொல்லைக் கேட்பதினும் நம் கையைப் பார்ப்பதே மிகுதி.

தமிழ்நாட்டிலே ஈரோட்டுப் பக்கத்தில் 2018ஆம் ஆண்டு நிகழ்ந்ததை அன்பர்கள் செய்தித்தாளிற் படித்திருப்பர். அரசினர் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படித்த சிறுவன் ஒருவன், தெருவிலே கிடந்த 50,000 ரூபாயை எடுத்து ஆசிரியரிடஞ் சேர்த்தான். அது காவல்துறை அதிகாரியிடம் ஒப்புவிக்கப்பட்டது. எளிய குடும்பத்துப் பிள்ளை. அதிகாரிகள் பாராட்டினர், புகழ்பெற்ற நடிகர் ஒருவர் அவனுடைய கல்விச் செலவை ஏற்க முன்வந்தார், பின்னர் அரசினரின் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் அச்செய்தி இடம்பெற்றது. இதிலே யான் குறை காணவில்லை. ஏழைப் பிள்ளையின் நேர்மை ஊரறியப்படுதல் நன்றே. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகின்றது. அதே வகுப்பிலே ஐந்து ரூபாயைக் கண்டெடுத்து உரியவனிடங் கொடுத்த பிள்ளையை யார் அறிந்தார்? தொகை பெரிதாயிருந்தமையால் உலகங் கண்டது. தொகை சிறிதாயினும் செயல் ஒன்றே. உலகத்தின் கண் தொகையைக் காணும். உபாத்தியாயன் கண்ணும் அவ்வாறே காணுமாயின் அவன் எதற்கு?

பரிசிலால் நல்லதை வளர்க்கலாம் என்னும் எண்ணம் பெருமுயற்சியாக ஒருமுறை சோதிக்கப்பட்டுள்ளது. 1862இலே இங்கிலாந்தில் திருத்திய கல்விச் சட்டக்கோவை வந்தது. பரீட்சகர் ஆண்டுக்கொருமுறை வந்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையுஞ் சோதித்து, தேறியவர் தொகைக்கேற்பப் பாடசாலைக்குப் பணம் அளிப்பர். இலங்கையிலும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நன்கொடை பெற்ற பாடசாலைகளுக்கு இம்முறை வந்தது. விளைந்தது யாது? பரீட்சகர் கேட்பது மாத்திரமே பாடமாயிற்று. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டாயினர். மத்தேயு ஆர்னல்டு என்னும் அறிஞர், தாமே பரீட்சகராயிருந்தும் அம்முறையை இடைவிடாது எதிர்த்தெழுதினார். வாசிப்புக்கே பரிசு வைத்தபோது வாசிப்புப் போலியாயிற்று. வாய்மைக்கும் இரக்கத்துக்கும் பரிசு வைத்தால் அவை போலியாகா என்று எதனாலே துணிவது?

இதுபற்றி உளநூலார் செய்த சோதனைகளுஞ் சில உண்டு. 1973இல் அமெரிக்க நாட்டுப் பாலர் பள்ளியொன்றிலே, வண்ண எழுதுகோல் கொண்டு படம் வரைவதில் இயல்பாகவே விருப்புடைய குழந்தைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்தாருக்கு, வரைந்தாற் பொன்முத்திரையும் நாடாவும் உள்ள நற்சான்றுத் தாள் தருவோம் என்று முன்னரே கூறிக் கொடுத்தனர். இன்னொரு கூட்டத்தாருக்கு முன்னறிவிப்பின்றிக் கொடுத்தனர். மூன்றாங் கூட்டத்தாருக்கு ஒன்றுங் கொடுத்திலர். சில நாட்கழித்து எழுதுகோல்களைச் சும்மா வைத்துப் பார்த்தபொழுது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றையோர் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதியே வரைந்தனர். முன்பு விளையாட்டாயிருந்தது அவர்களுக்குக் கூலிவேலையாயிற்று. எதிர்பாராது பெற்றவர்க்கு அக்கேடு நேரவில்லை என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்க. இவ்வகைச் சோதனைகள் 128ஐத் தொகுத்து ஆராய்ந்த முடிவு 1999இல் வெளிவந்தது. எதிர்பார்த்துப் பெறும் பொருட்பரிசு உள்ளார்வத்தைக் குறைக்கும் என்றும், வாய்ச்சொல்லாகிய பாராட்டு வளர்க்கும் என்றும், சிறுவரிடத்தில் அவ்வளர்ச்சி தெளிவாகத் தோன்றவில்லை என்றும் அது கூறுகின்றது. ஆகவே புகழ்ச்சியையும் அளவோடு கையாள வேண்டும்போலும்.

வரவுப் பரிசைப் பற்றியும் ஒரு சோதனை உண்டு, 2021இல் வெளிவந்தது. கலிபோர்னியாவிலே 15,000க்கு மேற்பட்ட மாணாக்கரிடஞ் செய்தனர். இனி ஒரு மாதம் முழுவதும் வந்தால் விருதுண்டு என்று கூறியதனாற் பயனில்லை. கடந்த மாதத்தில் முழுவதும் வந்தமைக்காக விருது பெற்றவர்களோ, அடுத்த மாதத்தில் முன்னிலும் குறைவாக வந்தனர். மற்றவரினும் தாம் மிகுதியாக வந்துவிட்டோம் என்று அவ்விருது அவர்களுக்கு உணர்த்தியிருக்கலாம் என்பது ஆராய்ந்தவர் கருத்து. இதைப் படித்தபோது எனக்கு அந்தச் சிறு தங்கையே நினைவுக்கு வந்தாள். அவள் தவறாது வந்தமைக்கு அவள் காரணமேயல்லள். பரிசு பெற்றவள் ஒருத்தி, உழைத்தவன் இன்னொருவன்.

சீலத்தை அளக்கப் புகுந்தோருக்கு நேர்ந்த இடரும் அறியத்தக்கது. 1928 முதல் 1930 வரை ஹார்ட்ஷோர்ன், மே என்னும் இருவர், ஏறக்குறைய 11,000 சிறுவரைப் பரீட்சையிலும், விளையாட்டிலும், வீட்டிலும் சோதித்து மூன்று பெருநூல்கள் வெளியிட்டனர். பரீட்சையிற் பொய் செய்யாத பிள்ளை விளையாட்டிற் செய்தான். விளையாட்டில் நேர்மையாயிருந்தவன் வீட்டுக் கணக்கில் வழுவினான். இவன் நேர்மையுடையான், இவன் இல்லான் என்று பிள்ளைகளை இரு கூறாகப் பிரிக்க அவர்களால் இயலவில்லை. அம்முடிவு சற்று மிகை என்று பின்வந்தோர் திருத்தினராயினும், ஓரிடத்திற் கண்டது கொண்டு முழுமையையும் துணியலாகாது என்பது நிலைத்து நிற்கின்றது. நாமோ வகுப்பறை என்னும் ஓரிடத்தை மாத்திரங் கண்டு, மிக நன்று என்றும் திருப்தி என்றும் எழுதுகின்றோம். ஆளின் தகுதியைச் சோதித்தறியும் முறையைத் திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். அது பொருட்பாலிலே, அரசன் வினைக்குரியாரைத் தேர்தற்குரிய இடத்தில் நிற்கின்றது. பிள்ளைகளைச் சோதித்துத் தரம் பிரிக்குமாறு அவர் எங்குங் கூறக் காணேன்.

இனிச் சைவசித்தாந்த நெறி நின்று நோக்கின், இவ்வினா இன்னுங் கூர்மையாகின்றது. தீவினை இரும்பு விலங்கு. பயன் கருதிச் செய்யும் நல்வினையோ பொன் விலங்கு என்பது நாம் மாணாக்கருக்குச் சொல்லிக் கொடுப்பது. அவ்வாறு சொல்லிக் கொடுத்துவிட்டு, நல்வினைக்கு வெள்ளிக் கிண்ணம் வைத்து விழா எடுத்தல் பொருந்துமா? சீலம் பிறர் காணாவிடத்தும் நிற்பது. பரிசிலோ பிறர் காணுமிடத்தே கொடுக்கப்படுவது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு அதிபத்த நாயனார் சரித்திரத்தைச் சொல்லும்போதெல்லாம் இம்முரண் எனக்குத் தோன்றுவதுண்டு. நாகப்பட்டினத்து நுளைப்பாடியிலே பரதவர் தலைவராயிருந்த அவர், நாடோறும் வலைப்பட்ட மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கு என்று கடலில் விடுவார். ஒரே மீன் அகப்பட்ட நாட்களில் அதனையே விட்டார். பல நாள் அவ்வாறாகிச் செல்வஞ் சுருங்கிச் சுற்றம் பசித்தது. பின்னர் ஒருநாள் பொன்னும் மணியுமாகிய மீன் ஒன்றே வந்தது; அதனையும் விட்டார். கடலிலே தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதன் அருமை விளக்கவேண்டுவதில்லை. ஒருமுறை வகுப்பிலே ஒரு சிறுவன், "அவர் வீட்டில அண்டைக்கு என்ன சாப்பிட்டவங்க, சேர்?" என்று கேட்டான். நாற்பதாண்டுகளாகப் பெரியபுராணம் படிக்கின்ற எனக்கு அவ்வினா எழுந்ததில்லை.

அங்ஙனமாயின், சிறப்பித்தலே கூடாதோ எனின், அற்றன்று. அதே பெரியபுராணத்திலே சிறப்பிக்கப்பட்ட சிறுவர் ஒருவர் இருக்கின்றார். சேய்ஞலூரிலே மேய்ப்பான் பசுவை அடிக்கக் கண்டு பொறாது, தாமே மேய்க்கும் பணியை ஏற்ற விசாரசருமர், மண்ணியாற்று மணலிலே இலிங்கம் அமைத்துப் பால் சொரிந்து வழிபட்டார். பாலை வீணே மணலிற் கொட்டுகின்றான் என்று ஊரார் தந்தையிடம் முறையிட்டனர். தந்தை எச்சதத்தன் மறைந்திருந்து பார்த்தான். தன் கண்ணாலேயே கண்டான். கண்டும், கோல்கொண்டு அடித்துப் பாற்குடத்தையும் இடறினான். அதன்மேல் அங்கு நிகழ்ந்த கொடுமை யாவரும் அறிந்ததே. முடிவிலே இறைவன் தன் கொன்றை மாலையை அச்சிறுவர்க்குச் சூட்டினான். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலிலே, 11ஆம் நூற்றாண்டிற் செய்த அந்தச் சிற்பத்தைக் கண்டோர் மறவார். குனிந்த தலையிலே மாலையைச் சுற்றும் கைகளிலே அத்துணை நிதானம்.

இச்சரித்திரத்தில் உபாத்தியாயர்க்கு உரிய இடம் எது என்று யான் பலகாலும் எண்ணியதுண்டு. மாலை சூட்டுவோனிடத்திலே நம்மை வைத்துக்கொள்ள விரும்புகின்றோம். உண்மையில் நாம் பெரும்பாலும் எச்சதத்தன் இருந்த மரத்தின்மேலே இருக்கின்றோம். அவன் கண்டிலன் என்றில்லை, கண்டான், அறிந்திலன். அவ்வளவும் அறிந்த பின்பன்றோ மாலை வந்தது. நம்முடைய பரிசளிப்பிலோ மாலை முந்துகின்றது. அறிதல் பிந்துகின்றது, அல்லது வருவதேயில்லை. பரிசில் ஒருவனுக்கு உரியது. ஒருவனுக்குக் கொடுத்தால் ஏனையோர்க்கு இல்லை. அறியப்படுதலோ எல்லாப் பிள்ளைக்கும் உரியது. ஒருவனை அறிந்தமையால் மற்றவனுக்குக் குறைவதில்லை. முதலாவது நாம் கொடுக்குங் கொடை. இரண்டாவது நாம் பட்ட கடன். கடனைத் தீராது கொடை கொடுப்பவனை உலகத்தார் எவ்வாறு அழைப்பர் என்பது நமக்குத் தெரியும்.

முற்காலத்து உபாத்தியாயர் பிள்ளைகளை நன்கறிந்தனர் என்று சிலர் பெருமூச்செறிவர். அதில் உண்மை உண்டு. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய காலத்தும், 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் எழுந்து ஊர்தோறும் பாடசாலை வைத்த காலத்தும், ஆசிரியர் பலர் அவ்வூரிலேயே வாழ்ந்தனர். நாவலர் தம் பாலபாடத்திலே களவு, பொய், அழுக்காறு, செய்ந்நன்றியறிதல் என்று தனித்தனியே பாடம் வகுத்து எழுதினார். இன்றோ 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அப்பாடசாலைகள் பெரும்பாலும் அரசினர் வசமாகி அறுபதாண்டு கடந்துவிட்டது. நாம் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் மீளுகின்றோம், யானும் அவ்வாறே. ஆயினும் பழமையை மிகவும் புகழ்தல் வேண்டா. அறிதல் என்பது சாதி அறிதலாயிருந்த காலமும் அதுவே. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே, பிள்ளைகள் யாவரையும் ஒரே வாங்கில் இருத்தும் சமாசனத்தின் பொருட்டு யாழ்ப்பாணத்திற் சைவப் பாடசாலைகளிலே எழுந்த எதிர்ப்பை நம் பத்திரிகைகள் பேசாது விடுதல் முறையன்று. இன்னார் பிள்ளை என்று அறிந்தவர்கள், பிள்ளை இன்னான் என்று அறியவில்லை.

வாழ்க்கைத் திறனைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். உலக சுகாதார தாபனம் 1993இலே வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தினை வகுத்தது. முடிவெடுத்தல், இடர் தீர்த்தல், தன்னையறிதல், பிறர் துயருணர்தல், மனக்கிளர்ச்சியை ஆளுதல் முதலியன அவை. இவற்றைக் கற்பிக்கப் பாடநூலும் செயலட்டையும் நம்மிடமுண்டு. நடுக் களப்பிலே காற்றுத் திரும்பும்போது வலையை விடுவதா, வள்ளத்தைத் திருப்புவதா என்று தீர்மானிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, முடிவெடுத்தல் என்னும் பாடத்திலே யான் 42 புள்ளி இட்டிருக்கின்றேன். வரைவிலக்கணத்தை அவன் எழுதவில்லை.

ஆயினும் இவ்விடத்தில் ஒரு குழி உண்டு. அதனுள் நல்லெண்ணமுடையோரும் வீழ்ந்திருக்கின்றனர். இலங்கையிலே 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்தது. மீன்பிடி முதலாகிய உள்ளூர்த் தொழில்களைப் பாடசாலை மதித்துப் படிப்பிக்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நல்லதே, 1977இல் ஆட்சி மாறியபின் அது மறைந்தது. சென்னை இராச்சியத்திலே 1953இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டமோ, பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும், அரைநாள் பெற்றோர் தொழிலிலும் இருக்குமாறு வகுத்தது. குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயரிட்டு எதிர்த்தனர். 1954இலே அவர் பதவி நீங்கியபின் அது கைவிடப்பட்டது. எதிர்த்தோர் கூறியதிலே நியாயமுண்டு. வலை இழுப்பவன் மகனை, நீ நன்றாக வலை இழுக்கின்றாய் என்று புகழ்ந்து கரையிலேயே நிறுத்திவிடுதல் மிக எளிது, அதற்குச் செலவுமில்லை. பிள்ளையின் உழைப்பைப் பாராட்டுவதால் அவன் வகுப்பில் இழந்த நேரத்தை ஈடு செய்ததாகாது. அப்பிள்ளைக்கு யான் செய்யத் தவறியவை இரண்டு. அவன் தராசடியில் நின்றதை அறிந்திலேன்; அறிந்திருப்பின், லொறிக்காரனோடு பேசி நேரத்தை முற்படுத்தவோ, காலையில் விட்ட பாடத்தை மாலையிற் சொல்லிக் கொடுக்கவோ முயன்றிருக்கலாம். முதலாவது தவறியமையால் இரண்டாவதும் தவறியது.

பத்திரத்தைத் திருத்தித் தருமாறு அதிபரைக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் பையன் அதனைக் காட்டிப் பயிற்சி நிலையமொன்றிற்கு மனுச்செய்து, இடங் கிடையாது மீண்டிருந்தான். அச்சொல்லினாற்றான் கிடைக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. அதனாலன்று என்று சொல்லவும் ஆதாரமில்லை. புதிய பத்திரத்தோடு, அவனைப் பற்றி யான் அறிந்தவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இணைத்தேன். மிக நன்று என்னுஞ் சொல் அதில் இல்லை. தங்கையரை ஏழேகாலுக்குக் கொண்டுவந்து விட்டதையும், தராசையும், கேட்டபோது வாய் திறவாது நின்றதையும் எழுதினேன். தந்தை அதனை என்னைக்கொண்டே இருமுறை வாசிக்கச் செய்து கேட்டார். பின்பு, வள்ளத்தின் பதிவுத் தாள் இருந்த உறையிலே அதனையும் வைத்தார். பையன் இப்பொழுது வள்ளத்திலேதான் போகின்றான்.

அதன்பின் நற்பண்புப் பரிசுக் குழுவிலே யான் இருப்பதில்லை. பரிசு நின்றுவிடவில்லை, ஆண்டுதோறும் கொடுக்கப்படுகின்றது. யான் செய்வது வேறொன்று. வகுப்பிலுள்ள பிள்ளைகளின் பெயர்களை ஒரு கொப்பியிலே பக்கத்துக்கு ஒன்றாக எழுதி வைத்திருக்கின்றேன். நேரிற் கண்ட செயலை மாத்திரம், நாளும் இடமும் இட்டு அதிற் குறிப்பேன். இரக்கமுள்ளவன், நேர்மையுள்ளவள் என்னும் பட்டங்கள் அதில் வாரா. பென்சிலை இரண்டாக முறித்து அடுத்தவனுக்குக் கொடுத்தான், தன் பிழையைத் தானே வந்து சொன்னாள் என்றாற்போலவே இருக்கும். பிந்தி வரும் பிள்ளையின் பெயருக்கெதிரே காரணம் என்று ஒரு நிரல்; அக்காரணத்தைப் பிள்ளையிடம் வகுப்பின் நடுவே கேட்பதில்லை. தவணை முடிவிலே ஒவ்வொரு பிள்ளைக்கும் அக்கொப்பியிலிருந்து ஒரு செய்தியைத் தனியே அழைத்துச் சொல்வேன். சிலர் வெட்கப்படுவர், சிலர், அதை நான் செய்தேனா என்று வியப்பர். ஒருத்தி, "அதைச் செய்தது நானில்லை, சேர், என் பக்கத்தில் இருந்தவள்" என்றாள். அதனை அவளுடைய பக்கத்திலேயே எழுதிக்கொண்டேன்.

இத்தவணையில் என் வகுப்பிலே 31 பிள்ளைகள். இன்றிரவு கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். ஏழு பெயர்களின் கீழ் இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை. அவ்வெழுவருள் நால்வரின் வீடு களப்போரத்திலுள்ளது. சனிக்கிழமை பஸ்ஸில் ஏறாது அப்பக்கம் நடந்து போகலாம் என்றிருக்கின்றேன்.